ஆறு மணி நேரம்தானே என்கிறவர்களுக்கு

டிசம்பர் 3 வந்து போய்விட்டது. தென் கொரியாவில் ஜனாதிபதி யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் போட்ட இரவுக்கு ஓராண்டு. எங்கள் வாட்ஸப் குழுவில் யாரோ அந்தச் செய்தியைப் போட, என்னைப் போலவே பென்ஷன் வாங்கும் நண்பர் ஒருவர் கீழே எழுதினார்: "ஆறு மணி நேரக் கூத்து சார் அது. ராத்திரி பத்தரைக்குப் போட்டான், விடியறதுக்குள்ள எடுத்துட்டான். ஒருத்தர் சாகல. இதுக்குப் போய் நினைவு நாளா?" அதற்கு ஏழெட்டு சிரிப்புப் பொம்மைகள். இன்னொருவர் வழக்கமான பல்லவியைப் பாடினார்: "நம்ம நாட்டுக்கும் ஒரு ஆறு மாசம் மிலிட்டரி ஆட்சி வந்தா எல்லாம் நேராயிடும்."

குழுவில் பதில் எழுதினால் அது 'காலை வணக்கம்' படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சட்டத்தை யாரும் ஆறு மணி நேரத்துக்கு என்று போடவில்லை. ஆறு மணி நேரத்தில் முடிக்க வைத்தார்கள். முடிக்க வைத்தவர்களில் பெரும்பாலோர், அந்நேரம் வீட்டில் போர்வைக்குள் இருந்திருக்க வேண்டிய சாதாரண ஜனங்கள். இதைக் கூத்து என்பவர்கள், திருடனைக் கதவிலேயே மடக்கிய காவல்காரனைப் பார்த்து "ஒண்ணும் திருட்டுப் போகலையே, அப்புறம் உனக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்கிறார்கள்.

முதலில் நடந்தது என்ன என்பதைக் கடிகாரத்தை வைத்துப் பார்ப்போம். 2024 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை. இரவு சுமார் 10.27க்கு யூன் டிவியில் தோன்றுகிறார். எதிர்க்கட்சி தன் அரசை நடத்த விடவில்லை, 22 முறை பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டது, பட்ஜெட்டை வெட்டுகிறது, தேசவிரோத சக்திகள் பெருகிவிட்டன என்கிறார். ராணுவச் சட்டம் என்கிறார். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சிக்கு 300 இடங்களில் 108தான் கிடைத்திருந்தது. எதிர்க்கட்சி குடைச்சல் கொடுத்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் குடைச்சல் கொடுக்கச் சொல்லித்தானே ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள்? நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத ஜனாதிபதிக்கு வரும் தலைவலிக்கு ஹெலிகாப்டர் மருந்து என்று எந்த வைத்தியர் சொன்னார்?

11 மணிக்கு ராணுவத் தளபதி பெயரில் முதல் அறிவிப்பாணை. நாடாளுமன்றம், உள்ளாட்சி மன்றங்கள், கட்சிகள் எதுவும் இயங்கக் கூடாது. கூட்டம், ஊர்வலம் கூடாது. பத்திரிகை, டிவி எல்லாம் ராணுவத்தின் கட்டுப்பாட்டில். இதோடு ஒன்று: வேலையை விட்டு வெளியேறியிருந்த பயிற்சி மருத்துவர்கள் 48 மணி நேரத்தில் பணிக்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் ராணுவச் சட்டப்படி தண்டனை. (எங்கள் குழுவில் மிலிட்டரி ஆட்சி கேட்பவர்களில் மூன்று பேருடைய பிள்ளைகள் டாக்டர்கள். சும்மா சொல்லி வைக்கிறேன்.)

தென் கொரிய அரசியல் சட்டத்தின் 77ஆம் பிரிவைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். 1987இல் மாணவர்களும் தொழிலாளிகளும் அலுவலகம் போகிறவர்களும் தெருவில் இறங்கி நின்றதால் கிடைத்த அரசியல் சட்டம் அது. ராணுவச் சட்டம் வந்தால் பேச்சுரிமை, பத்திரிகை, கூட்டம் கூடுவது, அரசு, நீதிமன்றம் ஆகியவற்றின் மேல் சிறப்பு நடவடிக்கை எடுக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றத்தின் மேல் கை வைக்கலாம் என்று அதில் இல்லை. மாறாக, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 151 பேர், வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் ஜனாதிபதி எடுத்தே ஆக வேண்டும். ஆக நாடாளுமன்றத்தை மூடு என்று சொன்ன அந்த அறிவிப்பாணை, பிறந்த நிமிடத்திலேயே சட்டவிரோதம். மூடச் சொன்னதற்குக் காரணமும் அந்த 151தான். 151 பேர் ஒரு அறைக்குள் கூடிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அந்த இரவின் சண்டை முழுக்க ஒரு அறைக்கான சண்டை. சோல் நகரத்தில் ஹான் நதித் தீவான யோயிடோவில் இருக்கிறது நாடாளுமன்றம். போலீஸ் வாசல்களை அடைத்தது, நடுவில் கொஞ்ச நேரம் உறுப்பினர்களை மட்டும் விட்டது, மறுபடி அடைத்தது. சபாநாயகர் வூ வொன்-ஷிக் சுவரேறிக் குதித்து உள்ளே போனார். அப்போது அவருக்கு 67 வயது. என்னைவிட ஆறு வயது சின்னவர் என்றாலும், என் முழங்காலை நினைத்துப் பார்த்து அவருக்கு ஒரு வணக்கம் வைத்துக்கொள்கிறேன். எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே-மியுங் காரில் வரும்போதே செல்போனில் நேரலை போட்டு, எல்லோரும் நாடாளுமன்றத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். அவர் வேலி தாண்டியதையும் நாடே பார்த்தது.

ஜனங்கள் வந்தார்கள். டிசம்பர்க் குளிர், நள்ளிரவு, மறுநாள் வேலை நாள். டாக்சி பிடித்தும் நடந்தும் வந்தார்கள். 1980ஐப் பார்த்த கிழவர்களும் வந்தார்கள், சினிமாவில் மட்டும் பார்த்த பிள்ளைகளும் வந்தார்கள். 1979 டிசம்பர் ராணுவச் சதியைப் பற்றி 'சோலின் வசந்தம்' என்றொரு படம் 2023 நவம்பரில் வெளியாகி, ஒரு கோடிப் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டே நிஜத்தில் பார்ப்போம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

11.48 வாக்கில் ஹெலிகாப்டர்கள் நாடாளுமன்ற வளாகத்தில் இறங்கின. அவை முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்திருக்கலாம். தலைநகர வான்பரப்பைக் கண்காணிக்கும் ராணுவ அதிகாரிகள், எதற்காக வருகிறீர்கள் என்ற கேள்விக்குச் சரியான பதில் வராததால் அனுமதி தராமல் இழுத்தடித்தார்கள். இதுவும் பின்னால்தான் தெரிந்தது. ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, விதிமுறைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு "முடியாது" என்று சொல்வது சாதாரண வேலையில்லை. அரசு ஆபீஸில் காலம் தள்ளிய எனக்கு அது தெரியும். எழுத்தில் கொடுங்கள் என்ற ஒரு வாக்கியம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது!

இறங்கியவர்கள் சிறப்புப் படையினர். கட்டாய ராணுவ சேவைக்காக வந்த கல்லூரிப் பையன்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 707ஆவது சிறப்புப் படைப் பிரிவு என்பது தேர்ந்தெடுத்துப் பழக்கிய தொழில்முறை வீரர்கள், பயங்கரவாதிகளை எதிர்கொள்ளப் பயிற்சி பெற்றவர்கள். துப்பாக்கி, இரவில் பார்க்கும் கருவி எல்லாவற்றோடும் வந்தார்கள். எதிரே நின்றவர்கள் கையில் செல்போன்.

முன்வாசலில் கட்சியின் செய்தித் தொடர்பாளர் ஆன் க்வி-ரியோங் என்ற பெண்மணி, ஒரு வீரனின் துப்பாக்கிக் குழாயையே கையால் பிடித்துத் தள்ளினார். வெட்கமாயில்லையா என்று கத்தினார். உலகம் முழுக்கச் சுற்றிய காட்சி அது. எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது உள்ளே நடந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் உதவியாளர்கள், அதாவது கோப்பு தூக்கும், டைப் அடிக்கும், தொகுதி ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கும் ஆட்கள், மேசை, சோபா, நாற்காலி எல்லாவற்றையும் இழுத்துக் கதவுகளுக்குப் பின்னால் அடுக்கினார்கள். வீரர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்து ஒரு சிறு குழுவாக உள்ளே வந்தபோது, தீயணைப்புக் கருவியைத் திறந்து முகத்துக்கு நேரே பொடியைப் பீய்ச்சினார்கள். சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சிவப்பு உருளைக்கு வருடத்துக்கு ஒருமுறை சீட்டு ஒட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே ஜனங்கள் ராணுவ வண்டிகளைச் சுற்றிக்கொண்டு நகர விடாமல் நின்றார்கள். சிலர் வண்டிக்கு முன்னால் நின்றார்கள். சிலர் வீரர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஆண்களில் பெரும்பாலானவர்கள் ஒரு காலத்தில் அதே நாட்டுச் சீருடையைப் போட்டவர்கள். அங்கே ராணுவ சேவை எல்லா ஆண்களுக்கும் கட்டாயம். உத்தரவு என்றால் என்ன, உத்தரவைக் கேட்டும் கேட்காமல் இருப்பது எப்படி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதனால் பேசினார்கள். திட்டியவர்களும் உண்டு, "தம்பி, வீட்டுக்குப் போப்பா" என்கிற தொனியில் பேசியவர்களும் உண்டு. கல்லெறிந்திருந்தால், ஒரு வீரனின் துப்பாக்கியைப் பறித்திருந்தால், மறுநாள் காலைப் பத்திரிகை வேறு மாதிரி வந்திருக்கும். இவ்வளவு பெரிய கூட்டம், யாரும் தலைமை தாங்காத கூட்டம், எதிரே ஆயுதம், இருந்தும் ஒரு வெறியாட்டம் நடக்கவில்லை. கூத்து என்பவர்கள் நம் ஊரில் ஒரு சினிமா டிக்கெட் வரிசையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர்கள் சுவரேறினார்கள் என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் தூக்கிவிட்டதால் ஏறினார்கள். உள்ளே, சீக்கிரம் ஓட்டெடுப்பு நடத்துங்கள் என்று உறுப்பினர்கள் கத்த, சபாநாயகர் அசையவில்லை. தீர்மானம் முறைப்படி பதிவாகட்டும், பின்னால் யாரும் செல்லாது என்று சொல்லக் கூடாது என்று காத்திருந்தார். கதவுக்கு வெளியே படை, உள்ளே நடைமுறை விதி! அதிகாலை 1 மணி தாண்டி ஓட்டெடுப்பு. வந்திருந்தவர்கள் 190 பேர். ஆதரவு 190. அதில் 18 பேர் யூனின் சொந்தக் கட்சிக்காரர்கள். அக்கட்சியின் மற்றவர்களில் பலர் கட்சி அலுவலகத்தில் இருந்தார்கள் என்பதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும். ஓட்டெடுப்பு முடிந்து சில நிமிடங்களில் கட்டடத்தின் அடித்தளத்தில் வீரர்கள் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். அதன் கண்காணிப்புக் கேமராக் காட்சி சில வாரங்கள் கழித்து வெளியானது. அந்த இருட்டு ஒரு கால் மணி நேரம் முன்னால், மேல்மாடியில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கூத்து என்பவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அவர்கள் சொல்லும் அடுத்த வாதம்: "மிலிட்டரி நெஜமா இறங்கியிருந்தா பத்து நிமிஷம் சார். அவங்க சும்மா பேருக்கு வந்தாங்க." யூனும் ஏறக்குறைய இதைத்தான் நீதிமன்றத்தில் சொன்னார். எச்சரிக்கைக்காகப் போட்டதாம். எதுவுமே நடக்கவில்லையாம். ஏரியில் விழுந்த நிலாவின் நிழலைத் துரத்துவது போல இருக்கிறது இந்த வழக்கு என்று கவித்துவமாக வேறு பேசினார்.

நிழல்தானா? அப்படியானால் க்வாச்சோனுக்குப் போவோம். சோலுக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர், தேர்தல் ஆணையத்தின் தலைமை அலுவலகம் அங்கே இருக்கிறது. தேர்தலில் மோசடி என்பது யூனுக்குப் பிடித்த கதை. அவர் டிவியில் பேசி முடித்த சில நிமிடங்களிலேயே ராணுவ உளவுப் பிரிவிலிருந்து சுமார் பத்துப் பேர் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். இரவுப் பணியில் இருந்தவர்களின் செல்போன்களைப் பிடுங்கினார்கள். சர்வர் அறைக்குள் போய்ப் படமெடுத்தார்கள். மேலும் படை வந்து சூழ்ந்தது. அங்கே சோபா அடுக்க ஆளில்லை. வெட்கமாயில்லையா என்று கேட்க ஆளில்லை. க்வாச்சோனில் எல்லாம் திட்டப்படி நடந்தது.

அதே இரவு, அதே ராணுவம், அதே உத்தரவு. ஓரிடத்தில் ஜனங்கள் இருந்தார்கள், இன்னோரிடத்தில் இல்லை. 'சும்மா பேருக்கு வந்தார்கள்' என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

நாடாளுமன்றத்திலும் சும்மா வரவில்லை. கதவை உடைத்து உள்ளே போய் உறுப்பினர்களை வெளியே இழுத்து வாருங்கள் என்று ஜனாதிபதியே போனில் சொன்னதாகச் சிறப்புப் படையின் தளபதி க்வாக் ஜோங்-குன் சாட்சி சொன்னார். பிடிக்க வேண்டிய ஆட்களின் பட்டியல் ஒன்று இருந்ததாக உளவுத்துறையின் அன்றைய துணைத் தலைவர் சாட்சி சொன்னார். பத்துக்கு மேற்பட்ட பெயர்கள். லீ ஜே-மியுங், சபாநாயகர் ஆகியோரோடு ஹான் டோங்-ஹூனும் அதில் உண்டு. ஹான் யார் தெரியுமா? அப்போது யூனின் சொந்தக் கட்சியின் தலைவராக இருந்தவர். எதிர்க்கட்சியை அடக்க மிலிட்டரி வரட்டும் என்று கைதட்டுகிறவர்கள், பட்டியலில் மூன்றாவது நான்காவது பெயர் யாருடையது என்பதையும் பார்த்துவிட்டுத் தட்டலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம்தான். வீரர்கள் தயங்கினார்கள். தலைநகர்ப் பாதுகாப்புப் படையின் கர்னல் ஜோ சோங்-ஹ்யுன், பின்னால் வந்துகொண்டிருந்த தன் படையை 'சோகாங் பாலத்தைத் தாண்டாதே' என்று நிறுத்தியதாக அரசியல் சட்ட நீதிமன்றத்தில் சொன்னார். அந்தப் பாலத்தைத் தாண்டினால் யோயிடோ. தேர்தல் அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்ட இன்னொரு பிரிவினர் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் கடைகளிலும் நின்று நூடுல்ஸ் சாப்பிட்டு நேரத்தைக் கடத்தினார்கள். திரும்பிப் போகும்போது ஜனங்களைப் பார்த்துத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டபடி போன ஒரு வீரனின் காட்சியும் பதிவாகியிருக்கிறது. ஆனால் தயக்கம் என்பது தானாக வானத்திலிருந்து விழாது. எதிரே ஒரு முகம் இருந்தால்தான் தயக்கம் வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் முகங்கள் இருந்தன. தயங்கிய வீரனுக்கு அந்தக் கூட்டம் ஒரு சாக்கையும் கொடுத்தது: "உள்ளே போக முடியவில்லை ஐயா, கூட்டம் அதிகம்."

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 4 அன்று யூனைப் பதவியிலிருந்து நீக்கிய அரசியல் சட்ட நீதிமன்றம், எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில், நாடாளுமன்றத்தால் விரைவாகத் தீர்மானம் போட முடிந்ததற்கு ஜனங்களின் எதிர்ப்பும், ராணுவமும் போலீஸும் அரைமனதோடு வேலை செய்ததும்தான் காரணம் என்று தீர்ப்பிலேயே எழுதியது. சீக்கிரம் முடிந்துவிட்டது என்பதற்காகக் குற்றம் சிறியதாகிவிடாது என்பதுதான் அதன் பொருள். தெருவில் நின்ற ஆட்களுக்கு ஒரு தீர்ப்பில் இப்படி இடம் கிடைப்பது அபூர்வம்.

ஒருவரும் சாகவில்லை என்கிறார் நண்பர். சாகாததற்குக் காரணம், செத்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 1980 மே மாதம், தெற்கே குவாங்ஜு நகரம். அப்போதும் ராணுவச் சட்டம். ஜனாதிபதி பார்க் சுங்-ஹீ 1979 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டதும் போட்டது. டிசம்பரில் சுன் டூ-ஹ்வான் ராணுவத்தைக் கைப்பற்றி, மே 17இல் அதை நாடு முழுக்க விரித்தார். மறுநாள் குவாங்ஜு மாணவர்கள் எதிர்த்தார்கள். அனுப்பப்பட்டது இதே சிறப்புப் போர்க் கட்டளையகத்தின் வான்குடைப் படைகள். தடியால் அடித்தார்கள், கத்தியால் குத்தினார்கள், 21ஆம் தேதி மாகாண அலுவலகத்துக்கு முன்னால் கூட்டத்தின் மேல் சுட்டார்கள். ஜனங்கள் திருப்பித் தாக்கிப் படையை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். சில நாள் நகரம் தன்னைத் தானே நடத்தியது. சந்தைப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்துப் போராடியவர்களுக்குக் கொடுத்தார்கள். 27ஆம் தேதி விடியலில் படை திரும்பி வந்து முடித்தது. வெளியூர்த் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. சோலில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே சரியாகத் தெரியாது. குவாங்ஜுவின் ஆட்களுக்குத் தைரியம் குறைவாக இல்லை. அவர்கள் தனியாக இருந்தார்கள். அந்த ராணுவச் சட்டம் 1981 ஜனவரி வரை நீடித்தது. ஆறு மணி நேரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள், தடுக்க முடியாமல் போனால் அது எவ்வளவு நீளும் என்பதற்கு இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குவாங்ஜுவைப் பற்றி நாவல் எழுதிய ஹான் காங், தற்செயலாக அதே வாரத்தில்தான் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போயிருந்தார். அங்கே நிருபர்கள் கேட்டபோது, வெறுங்கையோடு வீரர்களைத் தடுத்தவர்களையும், அவர்கள் திரும்பிப் போகும்போது பிள்ளைகளை வழியனுப்புவது போல வழியனுப்பியவர்களையும் பற்றிப் பேசினார். மனம் போராட, யோசித்து யோசித்து நடந்துகொண்ட இளம் வீரர்களையும் அவர் விட்டுவிடவில்லை. மறுநாள் நிகழ்த்திய நோபல் உரையில், இறந்தவர்கள் இருப்பவர்களைக் காப்பாற்ற முடியுமா என்று தன்னை நெடுநாள் துரத்திய கேள்வியைச் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு யோயிடோவுக்கு டாக்சி பிடித்த ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, ஆறு மாச மிலிட்டரி ஆட்சி கேட்கும் நண்பருக்கு. நாம் இருவரும் ஒரு விஷயத்தைப் பார்த்திருக்கிறோம். 1975 ஜூன் 25 இரவு. எனக்கு 23 வயது, வேலைக்குச் சேர்ந்த புதிது. அது ராணுவச் சட்டம் இல்லை. தெருவில் படை இறங்கவில்லை. இறங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நள்ளிரவுக்குள் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார், டெல்லியில் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் நின்றது, விடிவதற்குள் தலைவர்கள் சிறையில். மந்திரிசபைக்கே காலை 6 மணிக்குத்தான் சொன்னார்கள். நாம் எல்லோரும் எழுந்து, பல் தேய்த்து, ஆபீஸ் போனோம். எதிர்க்கட்சிக்காரர்கள் சிறையில் இருக்க, ஜூலையில் நாடாளுமன்றம் கூடி ஒப்புதல் கொடுத்தது. 21 மாதம் நடந்தது. இன்றைக்கும் அதைப் பற்றிக் கேட்டால், ரயில் நேரத்துக்கு வந்தது, எல்லோரும் பத்து மணிக்கு சீட்டில் இருந்தார்கள் என்பீர்கள். சீட்டில் இருந்தோம். அதுதான் விஷயமே.

பிறகு 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. மந்திரிசபை எழுத்தில் கொடுத்தால்தான் நெருக்கடி நிலை. மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால், அதை ரத்து செய்வது பற்றிப் பேச 14 நாளில் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் கொரியாவில் இரண்டரை மணி நேரத்தில் நடந்து முடிந்ததற்கு நம் சட்டம் 14 நாள் தவணை கொடுக்கிறது. அந்தப் பதினான்கு நாளும் வாசலில் யார் நிற்பார்கள் என்று சட்டத்தில் எழுதியிருக்காது. கொரியச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. 77ஆம் பிரிவு சுவரேறிக் குதிக்கவில்லை, சோபாவை இழுக்கவில்லை.

"டிசிப்ளின் வரும் சார்" என்கிறார் நண்பர். அந்த இரவில் ஒழுங்கு எந்தப் பக்கம் இருந்தது? கடமை தெரிந்த சபாநாயகர், வரிசை தெரிந்த கூட்டம், விதியைக் காட்டி ஹெலிகாப்டரை நிறுத்திய மேசை அதிகாரி, பாலத்தில் படையை நிறுத்திய கர்னல். ஒழுங்கு கெட்டவர் நாட்டில் ஒருவர்தான். அவர்தான் டிவியில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஒழுங்கைப் பற்றிப் பேசியவர்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தீர்மானம் நிறைவேறியது அதிகாலை 1 மணிக்குச் சற்றுப் பின். யூன் சட்டத்தை எடுப்பதாக டிவியில் சொன்னது 4.27 வாக்கில். நடுவில் மூன்றரை மணி நேரம். அரசியல் சட்டப்படி உடனே எடுத்திருக்க வேண்டியவர் எடுக்கவில்லை. எடுத்தாலும் இரண்டாவது, மூன்றாவது முறை போடுவேன், தொடர்ந்து செய்யுங்கள் என்று அவர் ஒரு தளபதியிடம் சொன்னதாகக் குற்றப்பத்திரிகை கூறுகிறது. ஓட்டெடுப்போடு எல்லாம் முடிந்தது என்பவர்கள் இந்த மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். படைகள் வளாகத்தை விட்டு வெளியேறத் தொடங்கிய பின்னும் கூட்டம் கலையவில்லை. உறுப்பினர்கள் அவையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், மறுபடி ஓட்டுப் போட வேண்டி வந்தால் சுவரேற நேரம் இருக்காது என்பதால். வெளியே நின்றவர்கள் குளிரில் கால் மாற்றி நின்றுகொண்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டு, கோஷம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். 4.30க்கு மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. அன்று புதன்கிழமை, வேலை நாள்.